அசையாதீங்க அக்காவும் கண் திறக்காத குமாஸ்தாவும்

தையல் கடைக்கு மேலே, ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாத பதினேழு படி. அதை ஏறி முடித்தால் அசையாதீங்க அக்காவின் ஸ்டூடியோ. முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை "அசையாதீங்க... அசையாதீங்க... ஆச்சு" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழே அளவு எடுக்கும்போது யாராவது நெளிந்தால் தையல்காரர்கூட, "சும்மா நிக்கிறீங்களா, மேலேர்ந்து அக்காவைக் கூப்பிடட்டுமா?" என்பார்.

ஸ்டூடியோவில் ஒரு முக்காலி, வெள்ளை, நீலம், சாம்பல் என்று மூன்று திரை, ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிய சீப்பு. கயிறு இல்லாத காலத்தில் மூன்று சீப்பு படி இறங்கிப் போய்விட்டன. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். அதற்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. ஆள் ஒல்லியோ குண்டோ, முதுகுப் பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் போதும், முன்னால் பார்ப்பவர்களுக்குப் பெரிய மனுஷன். பின்னால் பார்ப்பது அக்காவின் வீட்டுக்காரர் மட்டும்தான்.

வீட்டுக்காரர் ஒரு பெரிய துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். லிஃப்ட் தானே ஓடக் கற்றுக்கொண்ட வருஷம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அக்காவின் கேமரா ஸ்டாண்டைத் தூக்குவது, வெளிச்சத்துக்கு வெள்ளைக் குடை பிடிப்பது, முதுகில் கிளிப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஊருக்கே அவர் ஸ்டாண்டு மாமா. பழைய தொழில் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை. படியில் யார் காலடி கேட்டாலும், "முதல் மாடி!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

வாரம் முழுக்க அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் ஒட்டுகிற முகங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வெளியே ஏரிக்கரை, மலையடிவாரம். கல்யாணம் ஆகப்போகிற ஜோடி, ஆன பிறகும் ஜோடியாக இருக்க ஆசைப்படுகிறவர்கள், "இயற்கையா எடுங்கக்கா" என்று கேட்கும் குடும்பங்கள். இரண்டு இடத்திலும் மனுஷர்களைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்குச் சில முடிவுகள் உண்டு. ஊருக்குள்ளே மனுஷன் முகத்தைக் கையோடு கொண்டு வருகிறான். படி ஏறும்போதே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான், செருப்பு மாதிரி. மரம் மட்டையைப் பார்த்தாலோ அதே ஆளுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாது. ஊரில் பை இருக்கிறது, கதவு இருக்கிறது, பஸ் கம்பி இருக்கிறது. காட்டில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ரெண்டு கையும் அடுத்தவன் மூட்டை மாதிரி தொங்கும். கடைசியில் மரத்தைக் கட்டிக்கொள்வான். முப்பது வருஷத்தில் மரத்தைக் கட்டிப்பிடிக்காத ஒரு ஆளைக்கூட அக்கா வெளியில் படமெடுத்ததில்லை. மரத்துக்கு வாயில்லை, பிழைத்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "முதல் மாடி!" என்று மாமா குரல் கொடுக்க, குமாஸ்தாவும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள்.

குமாஸ்தாவுக்கு ஐம்பது வயசு. எதிர்த் தெருவில் இருக்கும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். குழந்தைகளை வரவு வைப்பதும் போனவர்களைக் கழிப்பதும் அவர் வேலை. ஒழுங்கான மனுஷர். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டிலும் மூடி.

"அக்கா, ஒரு போட்டோ. ஆபீஸ் அட்டைக்கு."

"உட்காருங்க சார். ரெண்டு நிமிஷ வேலை."

பின்னால் நின்ற மனைவி மெல்லச் சிரித்தாள். "ரெண்டு நிமிஷமா? பாவம் நீங்க."

அக்கா எடுத்தாள். கண் மூடியிருந்தது. சகஜம்தானே என்று இன்னொன்று எடுத்தாள். மூடியிருந்தது. "சார், மூணு வரைக்கும் எண்ணறேன், மூணுல எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு ரெண்டிலேயே அமுக்கினாள். ரெண்டிலேயே மூடிவிட்டார். எண்ணாமல் எடுத்தாள். வெளிச்சத்தைக் குறைத்தாள், கூட்டினாள். "அங்க பாருங்க, பல்லி" என்றாள். பல்லியைப் பார்த்த முகம் படத்தில் விழுந்தது, பார்த்த கண் விழவில்லை.

"எங்க கல்யாண போட்டோவுலயும் இப்படித்தான்" என்றாள் மனைவி. "இவர் கண்ணை மூடிட்டு இருக்கார். நான்தான் கண்ணைத் திறந்துக்கிட்டே மாட்டிக்கிட்டேன்."

அப்போதுதான் குமாஸ்தா விஷயத்தைச் சொன்னார். பழைய அட்டையிலும் கண் மூடிய படம்தான். பத்தொன்பது வருஷமாக அதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. போன மாதம் அலுவலக வாசலில் புதுக் கதவு போட்டார்கள். கதவோடு ஒரு இயந்திரம். அட்டையைக் காட்டி முன்னால் நின்றால், அட்டையில் இருக்கும் முகத்தையும் நிற்கிற முகத்தையும் ஒத்துப் பார்த்துக் கதவைத் திறக்கும். அதற்குப் புது அட்டை வேண்டும். அட்டைக்குப் படம் வேண்டும். படத்தில் இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும்.

"இப்ப எப்படி சார் உள்ள போறீங்க?"

"போகலைக்கா. வாட்ச்மேன் பக்கத்துல ஸ்டூல் போட்டு வெளியவே உட்கார்ந்திருக்கேன். பேப்பரை ஜன்னல் வழியா நீட்டறாங்க, முத்திரை குத்தித் திருப்பி நீட்டறேன். முந்தாநாள் மழையில ரெண்டு பிறப்பு, ஒரு இறப்பு நனைஞ்சு போச்சு."

அவர் சிரிக்காமல் சொன்னதால் அக்காவும் சிரிக்கவில்லை. இது அவளுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. கைக்குழந்தையை எடுத்திருக்கிறாள், அழுகிற மணப்பெண்ணை எடுத்திருக்கிறாள், கிளியோடு வந்தவரைக் கிளியோடு சேர்த்து எடுத்திருக்கிறாள். ஒரு குமாஸ்தாவின் இமைக்குத் தோற்பதா?

"நாளைக்கு வாங்க" என்றாள்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் நூற்று எண்பது படம். நூற்று எண்பதிலும் குமாஸ்தா ஏதோ ஆழமான யோசனையில் இருந்தார்.

சனிக்கிழமை அக்கா ஒரு தந்திரம் செய்தாள். கேமராவில் மெமரி கார்டைப் போடாமல் சும்மா அமுக்கினாள். கண் திறந்திருந்தது! பளிச்சென்று, கன்றுக்குட்டிக் கண். கார்டைப் போட்டு அமுக்கினாள். மூடிக்கொண்டது. எடுத்தாள், திறந்தது. போட்டாள், மூடியது.

"எனக்குத் தெரியறதால நானே காட்டிக் குடுக்கறேன் போல" என்று சந்தேகப்பட்டு, கேமராவை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். "நீங்க உள்ள போய் கார்டைப் போடுங்க, இல்ல போடாதீங்க. எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க."

மாமா உள்ளே போய்ப் போய் வந்தார். பதினான்கு தடவை. கார்டு இல்லாத ஏழு தடவையும் கண் திறந்திருந்தது. கார்டு இருந்த ஏழு தடவையும் மூடியிருந்தது.

"எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?"

"நான் எதையும் கண்டுபிடிக்கலக்கா. அதுவா மூடிக்குது." குமாஸ்தா பையிலிருந்த பேனா மூடிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வேணும்னே பண்றேன்னு நினைக்காதீங்க."

அவர் வேண்டுமென்று செய்கிறவர் இல்லை. அது அக்காவுக்குத் தெரிந்தது. பதிவாகப் போகிற எதற்கும் அந்தக் கண் உள்ளூர அஞ்சியது. தினமும் அடுத்தவர் வாழ்வையும் சாவையும் பதிவு செய்கிற ஆளுக்குத் தான் பதிவாவது மட்டும் ஆகவில்லை.

அடுத்த வாரம் தெருவில் இறங்கினாள். தெரியாமல் எடுப்பது என்று முடிவு. டீக்கடை மறைவிலிருந்து எடுத்தாள். தையல்காரர் தொங்கவிட்ட பாவாடைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தாள். எதிர்க் கட்டிடத்தின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி எடுத்தாள். ஒவ்வொரு படத்திலும் தெருவே கண்ணை விழித்துக்கொண்டு நின்றது. சைக்கிள்காரன், சுண்ணாம்பு அடிப்பவர், ஜன்னலில் நின்ற கிழவர், துணிக்கடைப் பொம்மை, எல்லாருக்கும் கண் திறந்திருந்தது. நடுவில் குமாஸ்தா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு படத்தில் அவருக்கும் பஸ்ஸுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

"இவரைத் தெருவுல எடுத்தா ஆளை இழந்துடுவோம்" என்றார் ஸ்டாண்டு மாமா. "அப்புறம் இவர் இறப்பை இவர்தான் பதியணும்."

அந்தப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. படமெடுப்பது தெரியாமல் நடக்கிற ஜனங்களின் முகத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாரும் எங்கேயோ போய்ச் சேர்ந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று முகத்தைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது. அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த முகங்களை யாரும் அவளிடம் காட்டியதில்லை. படி ஏறி வருவதற்குள் மாற்றிக்கொண்டுவிடுகிறார்கள்.

ஆனாலும் வேலை முடியவில்லை. அலுவலகம் கொடுத்த கெடு வேறு நெருங்கியது. மாதக் கடைசிக்குள் அட்டை இல்லாவிட்டால் ஸ்டூலும் கிடையாது என்று கடிதம் வந்திருந்தது. கடிதத்தையும் ஜன்னல் வழியாகத்தான் நீட்டினார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைக்குப் போறோம்" என்றாள் அக்கா. "ஊருக்குள்ள இருக்கிற வரைக்கும் உங்க கண்ணு ஆபீஸ்லதான் இருக்கும். காத்து பட்டா தானாத் திறக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மூவரும் போனார்கள். மாமா தோளில் ஸ்டாண்டு, கக்கத்தில் வெள்ளைக் குடை, பையில் பின்னணிக்கு ஒரு வெள்ளைப் போர்வை. குமாஸ்தா அலுவலகச் சட்டையில், இரண்டு பேனாவோடு வந்திருந்தார்.

ஏரி தகதகவென்று கிடந்தது. அக்கா அவரைக் கரையில் நிறுத்தினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குமாஸ்தா போய் மரத்தைக் கட்டிக்கொண்டார். "விடுங்க சார் அதை" என்றாள். விட்டார். கண் மூடியிருந்தது. தண்ணீரில் காலை வைக்கச் சொன்னாள். மூடியிருந்தது. புல்லில் படுக்கச் சொன்னாள். படுத்தார், கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி. அந்தப் படத்தை அக்கா உடனே அழித்துவிட்டாள். பார்க்கவே நன்றாக இல்லை.

அந்நேரம் ஒரு ஆடு வந்தது. மேய்ந்துகொண்டே வந்து குமாஸ்தாவின் பக்கத்தில் நின்று கேமராவைப் பார்த்தது. சும்மா பார்க்கவில்லை. தலை நேராக, இரண்டு காதும் சமமாக, வாய் மூடி, இமை கொட்டாமல் பார்த்தது. கேமராத் திரையில் பச்சைக் கட்டம் ஓடிப்போய் ஆட்டின் முகத்தில் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷமாக அக்கா தொண்டை வறளக் கேட்டும் எந்த மனுஷனும் கொடுக்காத முகத்தை அந்த ஆடு சொல்லாமலே கொடுத்தது.

குமாஸ்தா வந்து திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "அக்கா, இதையே அனுப்பிடலாமா?" என்றார்.

"சார்!"

"இல்ல, கேக்கறேன். விதிமுறையில கண்ணு திறந்திருக்கணும்னுதான் போட்டிருக்கு."

கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அக்காவுக்குக் கடைசிவரை புரியவில்லை. ஸ்டாண்டு மாமா மட்டும் ஆட்டுக்குப் போர்வையைப் பின்னால் பிடித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்.

மத்தியானம் பஸ்ஸில் திரும்பினார்கள். மாமா முன் சீட்டில் ஸ்டாண்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவும் குமாஸ்தாவும் அதற்குப் பின் சீட்டில் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும், நடுவில் கேமராப் பை. நானூற்றுப் பத்துப் படம் ஆகியிருந்தது. அக்காவுக்கு உடம்பில் தெம்பில்லை. தோற்றுப்போனவர்களுக்கு வருகிற ஒரு சாவகாசம் வந்தது. பேச ஆரம்பித்தாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. இத்தனை வருஷமா நான் எடுத்த படத்துல ஒரு படம்கூட எனக்குப் பிடிச்சதில்ல."

குமாஸ்தா அவளைப் பார்த்தபடி இருந்தார். இடையில் குறுக்கிடவில்லை.

"நான் 'அசையாதீங்க'ங்கறேன். அவங்க மூச்சைப் பிடிச்சுக்கறாங்க. அமுக்கறேன். 'ஆச்சு'ங்கறேன். உடனே அப்பாடான்னு மூச்சை விடுவாங்க பாருங்க, அப்ப ஒரு முகம் வரும். அதுதான் சார் அவங்க முகம். அரை வினாடி. ஊருக்குள்ள அரை வினாடிக்கு மேல நிக்காது, அடுத்த ஆள் படியில நிக்கறான்ல. ஏரிக்கரையில கொஞ்சம் கூடுதலா நிக்கும், அவசரமா போக எதுவும் இல்லாததால. நான் அதைப் பார்த்துட்டேதான் இருக்கேன். எடுத்ததே இல்ல. யாரு சார் அதைக் கேட்டு வர்றாங்க? அவங்க கேக்கறது அவங்க கொண்டு வந்த முகத்தை."

குமாஸ்தா கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு மனுஷர் கேட்டு அக்கா பார்த்ததில்லை. கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவளுக்கு மனசு திறந்துகொண்டது. முதல் முதலில் கேமரா தொட்டதைச் சொன்னாள். முதல் மாதம் ஒரு பள்ளிக்கூடத்தையே தலை இல்லாமல் எடுத்ததைச் சொன்னாள். "இவரையும்தான் எடுத்ததில்ல" என்று முன் சீட்டைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "முதுகுல கிளிப் போட்டுட்டு அந்தப் பக்கமா நின்னு சிரிப்பார். உள்ள ஒண்ணும் வச்சுக்காத சிரிப்பு. அதைப் பார்த்துதான் எனக்கு அலுப்பே போகும். சொன்னதில்ல. சொன்னா அப்புறம் கேமராவுக்குச் சிரிக்கிற மாதிரி சிரிக்க ஆரம்பிச்சுடுவார்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. "என்ன சார், ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

குமாஸ்தா சொல்லவில்லை.

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். குமாஸ்தா கண்டக்டரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை, அதே அக்கறையோடு பார்த்துக்கொண்டே இருந்தார். முன் சீட்டிலிருந்து மாமா திரும்பி, குமாஸ்தாவின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். இமை அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்தார்.

"தூங்கறார்மா" என்றார்.

"என்னங்க சொல்றீங்க? கண்ணு திறந்திருக்கு!"

"திறந்துக்கிட்டேதான் தூங்கறார். நல்ல தூக்கம்."

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். உள்ளத்தைக் கொட்டி முடித்தவளுக்கு வேறென்ன வரும்? அடுத்த வினாடி அந்தக் கோபத்தைத் தள்ளிக்கொண்டு தொழில் வந்து நின்றது. கை தானாகக் கேமராப் பைக்குள் போனது.

"போர்வை!" என்று கிசுகிசுத்தாள்.

மாமா சீட்டுக்குப் பின்னால் போய் நின்று வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்தார். அக்கா ஓடுகிற பஸ்ஸில் இரண்டு முழங்காலையும் சீட்டில் முட்டுக்கொடுத்துக் கண்ணைக் கேமராவில் வைத்தாள். மூன்றாவது வரிசைப் பெண்மணி ஒருத்தி திரும்பினாள். விழித்தபடி அசையாமல் ஒரு மனுஷர், பின்னால் வெள்ளைத் துணி, பக்கத்தில் கண் கலங்கிய ஒரு பெண். போதாதா?

"ஐயோ, போய்ட்டாரா?" என்று வாயைப் பொத்தினாள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "யம்மா, பாடியெல்லாம் பஸ்ஸுல ஏத்தக் கூடாது, முன்னாடியே சொல்ல வேணாமா?" என்று கண்டக்டர் விசிலை எடுத்தார்.

"அசையாதீங்க!" என்றாள் அக்கா. குமாஸ்தாவுக்குச் சொல்லவில்லை, பஸ்ஸில் இருந்தவர்களுக்குச் சொன்னாள். எல்லாரும் அப்படியே நின்றார்கள். அமுக்கினாள். நானூற்றுப் பதினோராவது படம்.

விசில் சத்தத்தில் குமாஸ்தா விழித்தார். அவர் காதில் விழுந்த கடைசி வார்த்தை, யாரோ யாரிடமோ "இறந்துட்டாருங்க" என்றது. பழக்கதோஷம், நிமிர்ந்து உட்கார்ந்து, "சர்டிஃபிகேட்டுக்கு நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, ஜன்னல் பக்கம்" என்றார். மூன்றாவது வரிசைப் பெண்மணி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். அது அவள் ஸ்டாப் இல்லை என்று கண்டக்டர் பிறகு சொன்னார்.

ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்ததும் குமாஸ்தா உண்மையைச் சொன்னார். வீட்டில் எல்லாரையும் போலக் கண்ணை மூடித்தான் தூங்குவாராம். படுத்தால் அப்படி. உட்கார்ந்தால் இப்படி. காரணம் அலுவலகத்துப் பெரிய அதிகாரி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் ஊழியர்களைக் கூட்டி வைத்து இரண்டரை மணி நேரம் பேசுவார். முதல் வருஷம் பட்ட பாட்டில் உடம்பு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது.

"என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாதுக்கா. வெளிய விட்டுடாதீங்க."

படம் அற்புதமாக வந்திருந்தது. விண்ணப்பம் போனது, மூன்றாம் நாள் அட்டை வந்தது. குமாஸ்தா ஸ்டூலை விட்டு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவு முன்னால் நின்று அட்டையைக் காட்டினார்.

"நீங்கள் அவர் இல்லை" என்றது இயந்திரம்.

மறுபடி காட்டினார். மறுபடியும் அவர் இல்லை. இயந்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டையில் இருந்தவர் கவலையில்லாத ஒரு மனுஷர். நின்றவர் குமாஸ்தா. அன்று மத்தியானம் வரை அவர் அவராக இல்லை. சோர்ந்துபோய் வாட்ச்மேனின் ஸ்டூலைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் அட்டை, கண்ணில் சாப்பிட்ட மயக்கம். மூன்று நிமிஷம் ஆனது. கதவு திறந்தது.

வாட்ச்மேன் அலுவலகத்துச் சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து குமாஸ்தாவை அலுங்காமல் அதற்கு மாற்றி உள்ளே தள்ளிவிட்டார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் குமாஸ்தா வருவார், உட்காருவார், இயந்திரத்தை மூன்று நிமிஷம் உற்றுப் பார்ப்பார், கதவு திறக்கும், உருண்டு உள்ளே போவார். பார்த்தவர்கள், பணிவாக முறைத்துப் பார்த்தால் இயந்திரம் இறங்கி வரும் போலிருக்கிறது என்று நினைத்து, அவர்களும் முறைக்க ஆரம்பித்தார்கள். வாசலில் வரிசை நீண்டது. வாட்ச்மேன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அக்கா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டூடியோ சுவரில் மாட்டினாள். யார் என்ன என்று எழுதவில்லை. அதோடு ஒரு சின்ன மாற்றமும் செய்தாள். "ஆச்சு" என்று சொன்ன கையோடு, சத்தமில்லாமல் இன்னொரு தடவை அமுக்கினாள். முதல் படம் வந்தவர்களுக்கு. கொடுக்கும்போது இரண்டாவதையும் காட்டுவாள். முக்கால்வாசிப் பேர், "ஐயையோ, அழிச்சிடுங்க" என்பார்கள். அழித்துவிடுவாள். சிலர் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், "முதல் மாடி!" என்றார் மாமா. வந்தது பெரிய அதிகாரி. பதவி ஓய்வு நெருங்குகிறது, சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம். மாமா முன்பக்கக் கோட்டை எடுத்துவந்து முதுகில் கிளிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அதிகாரியின் கண் சுவருக்குப் போனது.

"இந்த முகம் எனக்குத் தெரியும்" என்றார். "எங்க குமாஸ்தா. திங்கக்கிழமை நான் பேசறப்ப இப்படித்தான் பார்த்துக்கிட்டு இருப்பார். என்ன ஒரு கவனம் பாருங்க! எனக்கும் இந்த மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்கம்மா. எடுத்தப்ப இவர் என்ன பண்ணிட்டு இருந்தார்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஸ்டாண்டு மாமா முதுகுப் பக்கத்திலிருந்து, "தூங்கிட்டு இருந்தார் சார்" என்றார்.

அக்கா பார்த்த பார்வையில் மாமாவின் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. அது துள்ளி முக்காலிக்கு அடியில் போய் நின்றது.

"பத்தொன்பது வருஷம்" என்றார் அதிகாரி, மெதுவாக. முக்காலியில் உட்கார்ந்தார். "அவர் ஒருத்தரைப் பார்த்துதான் நான் பேசுவேன். மத்தவங்க எல்லாம் ஜன்னலைப் பார்ப்பாங்க, கடிகாரத்தைப் பார்ப்பாங்க. இவர் ஒருத்தராவது கேக்கறாரேன்னு... சில நாள் எனக்கே பேச ஒண்ணும் இருக்காதும்மா. இவர் முகத்தைப் பார்த்துட்டு எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம பேசிக்கிட்டே இருப்பேன்."

அக்காவுக்கு பஸ் ஞாபகம் வந்தது. "எனக்கும் அப்படித்தான் சார் ஆச்சு" என்றாள். "அவர் மேல கோபப்படாதீங்க. கண்ணை மூடிட்டுக் கேக்கற மாதிரி நடிக்கிறவங்களை விட, திறந்துட்டுத் தூங்கறவர் எவ்வளவோ மேல்."

அதில் நியாயம் இருக்கிறதா என்று அதிகாரி யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். விளக்குச் சூடு, வெள்ளைத் திரை, அரைக் கோட்டு, மதிய வேளை. தலை மெல்லச் சாய்ந்தது. கண் மூடிக்கொண்டது, வாய் திறந்துகொண்டது. இரண்டரை மணி நேரம் பேசிப் பழகிய வாய், அன்றைக்கு ஒன்றுமே சொல்லாமல் சும்மா இருந்தது.

அடுத்து ஒரு பெண்ணும் அவள் தங்கையும் விண்ணப்பப் படத்துக்கு வந்தார்கள். அக்கா விரலை உதட்டில் வைத்துக் காட்டி, அவர்களை நீலத் திரைப் பக்கம் கீழே தையல் கடையிலிருந்து வாங்கிவந்த ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தாள். "அசையாதீங்க" என்பதைக்கூட அன்று வாயசைத்துத்தான் சொன்னாள்.

ஐந்து மணிக்கு அதிகாரி விழித்தார். "எடுத்துட்டீங்களா?"

"எடுத்தேன் சார்."

திரையில் காட்டினாள். அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாய் பிளந்து, தலை சாய்ந்து, முடி கலைந்து ஒருத்தர். அதிகாரமும் இல்லை, கவலையும் இல்லை.

"இதை அழிச்சிடுங்க" என்றார்.

"சரிங்க சார்."

கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். தலையைச் சீவிக்கொண்டார். கயிறு நீளம் போதாமல் குனிந்து சீவினார். நாலு படி இறங்கினார். நின்றார். மறுபடி நாலு படி ஏறி வந்தார்.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி போட்டுக் குடுங்க. சின்னதா, சட்டைப் பையில வைக்கிற மாதிரி."

அதற்கு அடுத்த திங்கட்கிழமைக் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. குமாஸ்தா ஒரு நாள் சிவந்த கண்ணோடு படி ஏறி வந்து, "என்னக்கா ஆச்சு அவருக்கு? எனக்கு வாரம் பூரா தூக்கம் பத்த மாட்டேங்குது" என்றார்.

அக்கா முக்காலியைக் காட்டினாள். "உட்காருங்க சார்" என்றாள். "அடுத்த ஆள் வர எப்படியும் அரை மணி ஆகும்."